மேட்டுப்பாளையத்துக்கு எத்தனை நேரம்?

காலை 7.10 மணி. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நீலப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்ஜின் முட்டித் தள்ளத் தொடங்குகிறது. மற்ற ரயில்களில் என்ஜின் முன்னால் போய் இழுக்கும். ஊட்டி மலை ரயிலில் அது கடைசியில் நின்று தள்ளும். 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பதித்த பல்சட்டத்தைப் பல்சக்கரம் கவ்விக்கொள்ள, வண்டி ஒவ்வொரு பல்லாக மேலே ஏறுகிறது. ஊட்டி போய்ச் சேர்வதற்குள் நண்பகல் நெருங்கிவிடும்.

அதே மலையுயரத்தை எதிர்த்திசையில், ஊட்டி மட்டத்திலிருந்து மேட்டுப்பாளையம் மட்டத்துக்கு, 6.4 மைக்ரோவினாடியில் இறங்கிவிடும் பயணிகளும் உண்டு. மைக்ரோவினாடி என்பது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. டிக்கெட் இல்லை, தண்டவாளம் இல்லை. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் அவற்றில் சில வாசகரின் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். இவற்றுக்கு மியூவான் என்று பெயர். விண்வெளிப் பயணத்தில் காலம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த மியூவான்களைப் போல நேராகப் பதில் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை.

ஆனால் அந்த 6.4 மைக்ரோவினாடி நம் கடிகாரத்தின் கணக்கு. மியூவானின் கணக்கு வேறு.

கோவை ஜங்ஷனில் நின்றுகொண்டிருக்கும் ரயிலில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு ஒரு குழப்பம் அடிக்கடி வரும். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் நிற்கும். திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எல்லாம் நகரும். “வண்டி கெளம்பிருச்சுங்களா?” என்று ஒருவர் கேட்க, எதிர் சீட்டுக்காரர் மறுபக்க ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்து டீக்கடையைப் பார்த்துவிட்டு, “இல்லீங்க, அந்த வண்டிதான் போவுதுங்க” என்பார். டீக்கடையை நிற்கிற பொருளாக வைத்துக்கொண்டு அவர் சொன்ன தீர்ப்பு அது.

அந்த டீக்கடை நிற்கிறதா என்பது வேறு கேள்வி. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் கோவையில் இருக்கும் எல்லாமே மணிக்கு ஏறத்தாழ 1,640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன. பூமி சூரியனைச் சுற்றும் வேகமோ வினாடிக்கு 30 கிலோமீட்டர். டீ மாஸ்டர் ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு முழ உயரத்தில் ஆற்றுகிறார். ஒரு சொட்டும் சிந்துவதில்லை. சீரான வேகத்தில் போகும் எதற்குள்ளும் உட்கார்ந்துகொண்டு, வெளியே எட்டிப் பார்க்காமல், தான் நகர்கிறோமா நிற்கிறோமா என்று கண்டுபிடிக்க முடியாது. கப்பலின் மூடிய அறையை உதாரணம் காட்டி கலிலியோ 1632இல் எழுதியது இதைத்தான். எதை நிற்கிற பொருளாக வைத்து அளக்கிறோமோ, அந்த அளவைப் பின்புலத்தை நம் பள்ளிப் பாடநூல் ‘குறிப்பாயம்’ என்கிறது. டீக்கடை ஒரு குறிப்பாயம். ரயில் பெட்டி இன்னொன்று.

சிக்கலைக் கொண்டுவந்தது ஒளி. ஓடும் ரயிலில் ஓடும் திசையிலேயே பந்தை எறிந்தால், தரையில் நிற்பவருக்கு ரயிலின் வேகமும் பந்தின் வேகமும் கூடித் தெரியும். ஒளிக்கு இது பொருந்தவில்லை. பூமியின் ஓட்டத்தால் ஒளியின் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று மைக்கல்சனும் மோர்லியும் 1887இல் நுணுக்கமாக அளந்து பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் அகப்படவில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர், யார் அளந்தாலும். 1905இல் ஐன்ஸ்டைன் இதை இயற்கையின் அடிப்படை விதியாகவே எடுத்துக்கொண்டு, அப்படியானால் வேறு எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

விட்டுக்கொடுப்பது எது என்பதை சென்னிமலைக் கைத்தறியில் பார்க்கலாம். தறியில் நாடா இடமும் வலமுமாகப் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு ‘டிக்’ என்று வைத்துக்கொண்டால் தறியே ஒரு கடிகாரம். இந்தத் தறியை ஒரு ரயில் பெட்டியில் ஏற்றி, நாடா தண்டவாளத்துக்குக் குறுக்காகப் பாயும்படி வைப்போம். பெட்டிக்குள் நெய்பவருக்கு நாடா நேர்க்குறுக்காகப் போகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கோ, நாடா குறுக்கே போவதற்குள் ரயிலும் முன்னால் போய்விடுவதால், அதன் பாதை சாய்ந்து நீண்டு தெரியும். ஆனாலும் ரயிலின் வேகம் நாடாவோடு சேர்ந்துகொள்வதால் நீண்ட பாதையை அது கூடுதல் வேகத்தில் கடந்துவிடுகிறது. இருவர் கணக்கிலும் நேரம் ஒன்றே.

இப்போது நாடாவை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து ஒளியைப் பாய விடுவோம். ரயில் ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் போகட்டும். பிளாட்பாரத்துக்காரர் பார்க்கும்போது, ஒளி சாய்வாக 5 முழம் போகும் நேரத்தில் ரயில் 4 முழம் போகிறது. 5, 4 என்றால் குறுக்களவு 3 என்பது எட்டாம் வகுப்புச் செங்கோண முக்கோணம். பெட்டிக்குள் இருப்பவர் ‘ஒளி 3 முழம்தான் போயிற்று’ என்பார். வெளியே நிற்பவர் ‘5 முழம்’ என்பார். இங்கே ஒளிக்கு ரயிலின் வேகம் சேராது. இருவருக்கும் அதே 3 லட்சம் கிலோமீட்டர்தான். ஆகவே பெட்டிக்குள் 3 வினாடி கழியும்போது வெளியே 5 வினாடி கழிந்தாக வேண்டும். நெசவாளியின் கைக்கடிகாரம், நாடித்துடிப்பு, தலைமுடி நரைப்பது எல்லாம் இதே விகிதத்தில்தான். ஏனென்றால் தறி மட்டும் பின்தங்கி மற்றவை தங்காவிட்டால், வெளியே பார்க்காமலே தாம் ஓடுவதை அவர் கண்டுபிடித்துவிடுவார். கலிலியோவின் கப்பலறையில் அதற்கு இடமில்லை. இதற்குக் காலநீட்சி என்று பெயர்.

ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கில் போகும் ரயில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இந்த இடத்தில்தான் மியூவான் வருகிறது.

விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், பூமியின் மேல்வளிமண்டலத்தில் காற்றின் அணுக்கருக்களில் மோதிச் சிதறுகின்றன. அந்தச் சிதறலில் பையான் என்ற துகள்கள் பிறந்து, பிறந்த வேகத்தில் மியூவான்களாக மாறுகின்றன. இது நடப்பது 10, 15 கிலோமீட்டர் உயரத்தில். மியூவான் எலெக்ட்ரானுக்கு அண்ணன் முறை. எடை 207 மடங்கு. ஆனால் அற்பாயுசு. நிற்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. ஒளியே அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் போகும். 15 கிலோமீட்டரை அது எப்படிக் கடந்து தரைக்கு வருகிறது?

பதிலைக் கோடு போட்டுக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஓர் இந்தியர் என்பது பாடநூல்களில் அதிகம் இடம்பெறாத செய்தி. 1938இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹோமி பாபா, இந்தக் கனமான துகள் தானாகச் சிதைவதென்றால் அதையே ஒரு கடிகாரமாகக் கொள்ளலாம் என்றும், அது ஓடும்போது ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி அதன் ஆயுள் நீண்டு தெரிய வேண்டும் என்றும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். துகள் கண்டுபிடிக்கப்பட்டே இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்கு மியூவான் என்ற பெயர்கூட வரவில்லை. 1941இல் புருனோ ரோசியும் டேவிட் ஹாலும் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் இரண்டு உயரங்களில் எண்ணிப் பார்த்து அதை மெய்ப்பித்தார்கள். 1963இல் ஃப்ரிஷ், ஸ்மித் என்ற இருவர் செய்தது இன்னும் தெளிவான சோதனை. வாஷிங்டன் மலையுச்சியில் குறிப்பிட்ட வேகமுள்ள மியூவான்கள் மணிக்கு சுமார் 560 கிடைத்தன. 1,900 மீட்டர் கீழே, கடல் மட்டத்துக்கு அருகில், ஆயுள் நீளாவிட்டால் 27 மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியவை சுமார் 410.

அந்த 1,900 மீட்டர், நம் மலை ரயில் ஏறும் உயரத்துக்கு ஏறத்தாழச் சமம். ஊட்டி ஸ்டேஷன் 2,200 மீட்டர் உயரத்தில், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேலே.

பாபா 1945இல் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் ஊட்டியில்தான் இருக்கிறது. அங்கே இயங்கும் கருவித்தொகுதியின் பெயர் கிரேப்ஸ்-3. திராட்சைத் தோட்டம் என்று யாராவது நினைத்தால் அவர்கள்மேல் தப்பில்லை. அது ஓர் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம். இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் இந்தத் தொகுதியில் சுமார் 400 மின்னொளிர் உணர்விகள் வெட்டவெளியில் பரவி நிற்க, நடுவே மியூவான்களுக்கென்று தனிக் கொட்டகைகள். உள்ளே 6 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் பக்கமும் கொண்ட சதுர இரும்புக் குழாய்கள், மொத்தம் 3,712, நான்கு அடுக்குகளாக, ஓர் அடுக்குக்கு அடுத்தது குறுக்கு வாட்டில் படுத்திருக்கின்றன. குழாய்க்குள் வாயு, நடுவே ஒரு மெல்லிய கம்பி. மியூவான் புகுந்து போனால் கம்பியில் மின்துடிப்பு எழும். எந்த அடுக்கில் எந்தக் குழாய் துடித்தது என்பதை வைத்து அது வந்த திசையைச் சொல்லிவிடலாம். மொத்தப் பரப்பு 560 சதுர மீட்டர். ஒரு நாளில் பதிவாகும் மியூவான்கள் 400 கோடி.

இந்தக் குழாய்களுக்கு ஒரு பூர்வாசிரமக் கதை உண்டு. கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே, புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்த சோதனையில் வேலை செய்தவை இவை. அவ்வளவு ஆழத்துக்குப் போனதே மியூவான்களின் தொல்லையிலிருந்து தப்பத்தான். அந்தச் சோதனை முடிந்த பிறகு மலையேறி வந்து, யாருக்குப் பயந்து ஒளிந்திருந்தனவோ அவர்களையே வரவேற்று எண்ணிக்கொண்டிருக்கின்றன.

குழாய்களின் மேல் சுமார் 2 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் அடுக்கியிருக்கிறார்கள். அதைத் துளைத்து வர மியூவானுக்குக் குறைந்தது 1 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலில் அதன் வேகம் ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதம்; காலநீட்சி ஏறத்தாழ 10 மடங்கு. அப்படிப்பட்ட 100 மியூவான்கள் மேட்டுப்பாளையத்துக்கு நேர் மேலே, ஊட்டி உயரத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். காற்றோடு உரசி அவை ஆற்றல் இழப்பதை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். நம் கடிகாரத்தில் பயணம் 6.4 மைக்ரோவினாடி. அது 2.2 மைக்ரோவினாடி ஆயுளைப் போல மூன்று மடங்கு. ஆயுள் நீளாவிட்டால் 100இல் ஐந்தாறுதான் தரை தொடும். 10 மடங்கு நீண்டால் 75 வந்து சேரும்.

இது நம் பக்கத்துக் கதை. மியூவானின் குறிப்பாயத்துக்குப் போனால் கதை மாறிவிடும். அங்கே மியூவான் அசையாமல் நிற்கிறது. பூமிதான் ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதத்தோடு எதிரே பாய்ந்து வருகிறது. மியூவானின் கடிகாரம் வழக்கம்போல் ஓடுகிறது. ஆயுள் அதே 2.2 மைக்ரோவினாடிதான், துளியும் நீளவில்லை. ஆனால் பாய்ந்து வரும் மலை, வரும் திசையில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி வருகிறது. 1,900 மீட்டர் மலைச்சரிவு வெறும் 190 மீட்டர். அதைக் கடக்க 0.64 மைக்ரோவினாடி போதும். தப்பிப் பிழைப்பது? அதே 75. நாம் காலம் நீண்டது என்கிறோம், மியூவான் தூரம் சுருங்கியது என்கிறது. எத்தனை வந்து சேர்ந்தன என்ற தொகையில் மட்டும் தகராறே இல்லை.

மியூவானின் இடத்தில் மனிதரை வைத்தால் நட்சத்திரப் பயணம். சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இரட்டைப் பிள்ளைகள். கால் மணி முந்திப் பிறந்தவன் அண்ணன். தம்பி ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கில் அந்த நட்சத்திரத்துக்குப் போய், உடனே திரும்பி வருகிறான். புறப்படும் நாளில் அண்ணன் வரப்போரம் ஒரு நெட்டைத் தென்னங்கன்றை நட்டு வைக்கிறான். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் பிடிக்கும்.

தோப்புக் கணக்கில் போக 5.3 ஆண்டு, வர 5.3 ஆண்டு. தம்பிக்கோ வழி 2.54 ஒளியாண்டாகச் சுருங்கிவிடுவதால் போக 3.18, வர 3.18. அவன் கப்பல் காலண்டரில் 6 வருஷம் 4 மாதம் கிழித்திருப்பான். இப்போதுதான் பாளை விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினால், நட்டு 10 வருஷம் 7 மாதமான மரம் குலை குலையாகத் தள்ளி நிற்கும். “ஏண்டா, போன மாதிரியேதான் இருக்கற” என்பான், நாலேகால் வயது மூத்துவிட்ட இரட்டைப் பிறவி.

இந்த இடத்தில் நல்ல வாசகர் மடக்குவார். தம்பியின் குறிப்பாயத்தில் நகர்ந்தது பொள்ளாச்சிதானே? அப்படியானால் அண்ணனல்லவா இளையவனாக இருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. போகும் வழி முழுக்கத் தம்பியின் கணக்கில் தோப்புக் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது: அவனுடைய 3.18 ஆண்டில் அங்கே 1 வருஷம் 11 மாதம். திரும்பும் வழியிலும் இன்னொரு 1 வருஷம் 11 மாதம். மிச்சம் 6 வருஷம் 9 மாதம் எங்கே போயிற்று?

திருப்பத்தில். அண்ணன் முழுக்க ஒரே குறிப்பாயத்தில் இருந்தான். தம்பி நட்சத்திரத்தருகே ஒரு வண்டியிலிருந்து எதிர்வண்டிக்கு மாறினான். தூரத்தில் இருக்கும் ஊரில் ‘இப்போது’ மணி என்ன என்பது அவரவர் குறிப்பாயத்தைப் பொறுத்தது. போகும் வண்டியின் கணக்கில் பொள்ளாச்சியில் ‘இப்போது’ அவன் புறப்பட்டு 1 வருஷம் 11 மாதம். வரும் வண்டியின் கணக்கில் அதே ‘இப்போது’ 8 வருஷம் 8 மாதம். தோப்பில் எதுவும் எகிறிக் குதிக்கவில்லை, தென்னை தன்பாட்டில் மட்டை விரித்துக்கொண்டிருந்தது. தம்பி தன் கணக்குப் புத்தகத்தை மாற்றிக்கொண்டான். திருப்பத்தில் இருக்கையோடு சேர்த்து அழுத்தப்பட்டவனும் அவன்தான். அண்ணனின் டம்ளரில் தண்ணீர் அலுங்கவில்லை. அந்த இடத்தில் சமச்சீர் உடைகிறது.

செய்தி வந்து சேரும் தாமதத்தை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கிணத்துக்கடவு அருகே கோதவாடியில் பிறந்து கோவையில் பொறியியல் படித்த மயில்சாமி அண்ணாதுரையின் பங்களிப்போடு 2013 நவம்பர் 5இல் புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது, என்ஜின் எரிந்த சேதி பூமிக்கு வர 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. அது வெறும் தபால் தாமதம். தபால் நேரத்தையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சும் வித்தியாசம்தான் சார்பியல்.

தம்பியின் பயணத்துக்கு இயற்கை விதி குறுக்கே நிற்கவில்லை. கரண்ட் பில் நிற்கிறது. ஒரே ஒரு கிலோ எடையை ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு முடுக்க 1,660 கோடி யூனிட்டுக்கு மேல் வேண்டும். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒன்று, ஒரு நிமிடமும் நிற்காமல், ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஓடித் தரும் மின்சாரம் அது. அங்கே போய் நிற்க அதே அளவு, மறுபடி கிளம்ப, மறுபடி நிற்க. எரிபொருளின் எடையையும் சுமந்துகொண்டு போக வேண்டும் என்பதை இன்னும் சேர்க்கவே இல்லை.

நிஜத்தில் மனிதர் அனுப்பியவற்றுள் மிகத் தொலைவில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர்-1 வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் வேகத்தால் வரும் காலநீட்சி ஆண்டுக்கு 0.05 வினாடி. பிராக்சிமா இருக்கும் தூரத்தைக் கடக்க அதற்கு 75,000 ஆண்டு ஆகும். அத்தனை காலமும் ஓடிய பிறகு அதன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும்.

மலை ரயில் பயணிக்கோ, மணிக்குப் பத்துக் கிலோமீட்டரில் ஏறும் அந்த ஐந்து மணி நேரத்தில் மிச்சமாவது, ஒரு வினாடியை லட்சம் கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டுகூடத் தேறாது. அந்த அற்பத்தையும் ஊட்டியில் இறங்கி அறை எடுத்த சில வினாடிகளில் அவர் தொலைத்துவிடுகிறார். 1,900 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருப்பதால் ஊட்டிக் கடிகாரங்கள் மேட்டுப்பாளையத்துக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 18 நானோவினாடி வேகமாக ஓடுகின்றன. ஒரு வாரம் குளிர் காய்ந்துவிட்டு இறங்கி வருபவர், ஊரிலேயே இருந்த தன் தம்பியைவிடச் சுமார் 125 நானோவினாடி கூடுதலாக மூத்திருப்பார். இதற்குக் காரணம் வேகம் அல்ல, ஈர்ப்பு. 1905இன் கொள்கையில் அதற்கு இடமில்லை. இடம் செய்துகொடுக்க ஐன்ஸ்டைனுக்கு 1915 வரை ஆயிற்று. அடுத்த அத்தியாயத்தில் வண்டி அங்கே நிற்கும்.